தோற்ற மறு ஆண்டே திரும்பி வந்தவர்: போட்வின்னிக்கைக் காப்பாற்றிய கருப்புக் காய் ஆட்டம்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், மாஸ்கோவில், 45 வயது மின் பொறியியலாளர் ஒருவர் உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்தார். மிகாயில் போட்வின்னிக் என்பது அவர் பெயர். 1948 முதல் ஒன்பது ஆண்டுகள் கையில் வைத்திருந்த பட்டம் அது. வென்றவர் வசிலி ஸ்மிஸ்லோவ். வயதில் பத்து ஆண்டு இளையவர், நல்ல பாடகரும்கூட. புள்ளிகள் 12½க்கு 9½. போட்வின்னிக்கின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

பத்து மாதங்கள் கழித்து அதே இருவரும் மறுபடியும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் போட்வின்னிக்குக் கருப்புக் காய். ஸ்மிஸ்லோவ் ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். போட்வின்னிக் பதிலுக்கு ‘சி’ வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்ப்பதற்குப் பயந்த நகர்வுபோல இருக்கும். உலகப் பட்டம் அந்த ஒரு கட்டத்தில்தான் திரும்பத் தொடங்கியது.

அந்த நகர்வில் தொடங்கும் ஆட்டமுறைக்குக் காரோ-கான் தற்காப்பு என்று பெயர். சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். இன்று உலக அளவில் கருப்புக் காய்க்காரர்கள் நம்பி ஆடும் உறுதியான முறைகளில் இதுவும் ஒன்று. ஆனால், இதைக் கண்டுபிடித்தவர் போட்வின்னிக் அல்லர். பெர்லினில் வாழ்ந்த ஹொரேஷியோ காரோ என்ற ஆங்கிலேயரும், வியன்னாவைச் சேர்ந்த மார்க்கஸ் கான் என்பவரும் 1880களில் இதை ஆராய்ந்தவர்கள். இருவரும் உலக வெற்றியாளர்கள் ஆனதில்லை. ஆட்டமுறையின் பெயரில்தான் அவர்கள் இன்னும் நினைவில் இருக்கிறார்கள்.

போட்வின்னிக் 1911 ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தார். ஊர், அன்று பின்லாந்து எல்லைக்குள் இருந்த குவோக்கலா. வளர்ந்தது பக்கத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். பின்னர் அது லெனின்கிராட் ஆனது. யூதக் குடும்பம். அப்பா பல் கட்டும் தொழில்நுட்பர், அம்மா பல் மருத்துவர். 1920இல் அப்பா குடும்பத்தை விட்டுப் பிரிந்து போனார். 12 வயதில், அண்ணனின் பள்ளித் தோழன் ஒருவன் வீட்டிலேயே செய்த பலகையை வைத்து அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தான். 12 வயது என்பது பெரிய ஆட்டக்காரர்களுக்கு மிகவும் தாமதமான தொடக்கம். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1925இல், உலக வெற்றியாளர் கபபிளாங்கா லெனின்கிராட் வந்து ஒரே நேரத்தில் பலருடன் ஆடினார். அவரைத் தோற்கடித்தவர்களில் 14 வயதுப் போட்வின்னிக்கும் ஒருவர்.

20 வயதில் சோவியத் யூனியனின் வெற்றியாளர். ஆனால் சதுரங்கத்தை மட்டும் நம்பி அவர் வாழவில்லை. மின் பொறியியல் படித்தார், அந்தத் துறையில் வேலை செய்தார், போர்க்காலத்தில் யூரல் பகுதிக்குப் போய் மின் நிலையப் பணியில் இருந்தார், 1951இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது அவர் ஏற்கெனவே உலக வெற்றியாளர். அவருடைய சதுரங்கமும் ஒரு பொறியியலாளர் செய்கிற வேலைபோலத்தான் இருந்தது. பழுது எங்கே என்று பார்ப்பார். காரணத்தைத் தேடுவார். பாகத்தை மாற்றுவார். மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார். எதிராளி புகைபிடிப்பவராக இருந்தால் தமக்குத் தொல்லையாகும் என்று, பயிற்சி ஆட்டங்களின்போது நண்பர் ரகோசினைத் தம் முகத்துக்கு நேரே புகையை ஊதச் சொன்னவர் அவர். வானொலியையும் சத்தமாக வைத்துக்கொண்டு ஆடிப் பழகினார்.

காரோ-கான் ஆட்டத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் சந்திப்பு எதிர்ப்பக்கத்தில் இருந்துதான். 1933இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சாலோ புளோருடன் 12 ஆட்டங்கள் கொண்ட போட்டி நடந்தது. புளோர் அப்போது உலகப் பட்டத்துக்குப் போட்டியிடத் தகுதியானவர் என்று பேசப்பட்டவர். கருப்புக் காயில் காரோ-கானை நம்பி ஆடுகிறவர். முதல் ஆட்டத்திலேயே போட்வின்னிக் அந்தச் சுவரில் மோதித் தோற்றார். மாஸ்கோவில் நடந்த பாதிப் போட்டி முடிந்தபோது இரண்டு புள்ளிகள் பின்னால் இருந்தார். மறு பாதி லெனின்கிராடில். ஒன்பதாவது ஆட்டத்தில் அதே தற்காப்பை அதே தாக்குதலால் உடைத்து வென்றார். அடுத்த ஆட்டத்தையும் வென்று போட்டியை ஆறுக்கு ஆறு என்று சமன் செய்தார். அந்தத் தாக்குதலுக்கு இன்றும் பானோவ்-போட்வின்னிக் தாக்குதல் என்றுதான் பெயர். ஒரு கோட்டையை உடைக்கக் கற்றவர், கால் நூற்றாண்டு கழித்து அதே கோட்டைக்குள் தாமே போய் உட்கார்ந்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936இல் நாட்டிங்ஹாம் நகரில் கபபிளாங்காவோடு முதலிடத்தைப் பகிர்ந்தார். 1946இல் உலக வெற்றியாளர் அலெகின் பட்டத்துடனேயே இறந்துபோனார். காலியான இடத்துக்கு 1948இல் ஐந்து பேர் மோதினார்கள். போட்வின்னிக் 20 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். அடுத்து வந்த ஸ்மிஸ்லோவ் 11 புள்ளிகள். அதன்பின் 1951இல் பிரான்ஸ்டைனுடனும், 1954இல் ஸ்மிஸ்லோவுடனும் நடந்த போட்டிகள் 12-12 என்று சமமாக முடிந்தன. சமமானால் பட்டம் இருப்பவருக்கே என்பது விதி. அதனால் இரண்டு முறையும் தப்பினார். மூன்றாவது முறை, 1957இல், தப்பவில்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. தோற்ற வெற்றியாளர் ஓராண்டுக்குள் மறுபோட்டி கேட்கலாம். புதிதாக வென்றவருக்கு இது அநியாயம் என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. புதியவர் ஒரு போட்டியில் வென்றும் ஓராண்டு மட்டுமே நிம்மதி. பழையவருக்கோ கூடுதலாக ஒரு வாய்ப்பு. ஆனால், கிடைத்த அந்த ஓராண்டைப் போட்வின்னிக் எப்படிச் செலவிட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்மிஸ்லோவைவிட வேகமாக, துணிச்சலாக ஆட வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. அப்படிப் புறப்பட்டிருந்தால் அநேகமாக மறுபடியும் தோற்றிருப்பார்.

தோற்ற ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். பல ஆண்டுகளாகக் கருப்புக் காயில் அவருக்குப் பழக்கமான முறை பிரெஞ்சு தற்காப்பு. ஸ்மிஸ்லோவுக்கு அதில் நல்ல பிடிமானம் இருந்தது. போட்வின்னிக் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிராளி எதிர்பார்க்காத காரோ-கானை எடுத்தார். அதுவரை தம் முக்கியமான போட்டிகளில் அவர் நம்பியிராத முறை அது. 46 வயதில் புதிய பழக்கம்.

இந்த ஆட்டமுறை ஏன் உறுதியானது என்பதைப் பலகையில் காய் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். வெள்ளைக்காரர் ராஜாவின் சிப்பாயை நடுவுக்குக் கொண்டு வந்துவிட்டார். அதாவது, ‘இ4’ கட்டம். கருப்புக்காரர் அதை எப்படியாவது எதிர்க்க வேண்டும். உடனே ராணியின் சிப்பாயை ‘டி5’ கட்டத்துக்குத் தள்ளி மோதினால், வெள்ளை அதை வெட்டும். பதிலுக்குக் கருப்பு ராணி வெளியே வந்து வெட்ட வேண்டியிருக்கும். வந்த ராணியை வெள்ளைக் குதிரை விரட்டும். வீணாக ஒரு நகர்வு போய்விடும்.

பிரெஞ்சு முறையில் கருப்பு முதலில் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அதன் துணையோடு ‘டி5’க்கு வருகிறது. துணை கிடைத்துவிடும். ஆனால் ராணிக்கு அடுத்து நிற்கும் மந்திரி, அதாவது குறுக்காக மட்டுமே ஓடும் பிஷப், தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுப் போகும். சில ஆட்டங்களில் அந்த மந்திரி கடைசிவரை வாசல் திறக்காத வீட்டில் இருப்பவர்போல உட்கார்ந்திருக்கும்.

காரோ-கானில் துணைக்கு வருவது ‘சி’ வரிசைச் சிப்பாய். ‘சி6’ கட்டத்தில் நின்றுகொண்டு ‘டி5’ஐத் தாங்குகிறது. வெள்ளை வெட்டினால், கருப்பு இன்னொரு சிப்பாயாலேயே திருப்பி வெட்டலாம். ராணி வெளியே வரத் தேவையில்லை, நடுவிடமும் கையை விட்டுப் போகாது. மந்திரியின் குறுக்கு வழியும் திறந்தே இருக்கிறது. அது ‘எஃப்5’ கட்டத்துக்கு முதலில் வெளியே போய்விடும். பிறகுதான் கருப்பு ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் கதவைச் சாத்தும். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியவர் போன பிறகு பூட்டுவது. முறை அவ்வளவுதான்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. ராணிப் பக்கக் குதிரைக்கு இயல்பாக வர வேண்டிய கட்டம் ‘சி6’. அங்கே சிப்பாய் நிற்பதால் குதிரை ‘டி7’ வழியாகச் சுற்றி வர வேண்டும். வெள்ளைக்குப் பலகையில் இடமும் அதிகம். கருப்புக்காரர் இருபது நகர்வுகள்வரை பொறுமையாக இருக்க வேண்டும். தொடக்க நிலைப் பிள்ளைகள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெளியே வந்த மந்திரியைக் குதிரை விரட்ட, அது ‘ஜி6’க்கு ஒதுங்கும். உடனே வெள்ளை ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். இன்னொரு கட்டம் வந்தால் மந்திரி பொறியில் சிக்கியது. அதனால் கருப்பு தன் ஓரச் சிப்பாயை ‘எச்6’க்கு நகர்த்தி, மந்திரி பின்வாங்க ‘எச்7’ கட்டத்தைத் திறந்து வைக்க வேண்டும். இந்த ஒரு நகர்வை மறந்தவர்கள் நிறைய பேர்.

ஸ்மிஸ்லோவ் அழகாக, ஒழுங்காக ஆடுகிறவர். காய்களுக்கு நல்ல இடம் கிடைத்தால் மெல்ல மெல்ல இறுக்கி வெல்வார். அப்படிப்பட்டவருக்கு எதிராகப் பிடி கொடுக்காத ஒரு நிலையை உருவாக்குவதுதான் போட்வின்னிக்கின் நோக்கம். 1958 மார்ச்சில் தொடங்கிய மறுபோட்டியில் முதல் மூன்று ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். அவற்றில் இரண்டு, கருப்புக் காயில் காரோ-கான் ஆடி வென்றவை. உலகப் பட்டப் போட்டியில் கருப்புக் காயில் சமநிலை கிடைத்தாலே மகிழ்கிற காலம் அது.

பிறகு ஸ்மிஸ்லோவ் சுதாரித்துக்கொண்டார். அவரும் பல ஆட்டங்களை வென்றார். நடுவில் ஓர் ஆட்டத்தில் போட்வின்னிக் நல்ல நிலையில் இருந்தும் யோசனையில் ஆழ்ந்து கடிகாரத்தைக் கவனிக்க மறந்து, நேரம் முடிந்து தோற்றார். இத்தனை கவனமான மனிதருக்கு இப்படியும் நடந்தது. இருந்தாலும் தொடக்கத்தில் கிடைத்த மூன்று புள்ளி முன்னிலை போகவில்லை. முடிவு 12½க்கு 10½. பட்டம் திரும்பியது.

இரண்டு ஆண்டுகளில் அடுத்த புயல் ரீகா நகரிலிருந்து வந்தது. மிகாயில் தால், 23 வயது. காய்களைத் தானமாகக் கொடுத்து, எதிராளியைக் குழப்பிக் கணக்குத் தப்பவைக்கும் ஆட்டக்காரர். 1960இல் போட்வின்னிக் அவருக்கு எதிராகவும் காரோ-கான் ஆடினார். இந்தமுறை சுவர் தாங்கவில்லை. நேர நெருக்கடியில் தவறுகள் வந்தன. 12½க்கு 8½ என்று தோற்றார். தால் அன்றுவரை வந்த உலக வெற்றியாளர்களிலேயே மிக இளையவர். போட்வின்னிக்குக் கிட்டத்தட்ட 49 வயது. இந்தமுறை உண்மையாகவே முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் மறுபடியும் தோற்ற ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தால் எங்கே பலசாலி, எங்கே சலிப்படைகிறார் என்று பார்த்தார். பலகையில் காய்கள் குறைந்து, ராணிகள் வெளியேறிய நிலையில் தாலின் மந்திரம் பலிக்காது என்று கண்டார். தம் உடல் வலுவையும் கவனித்துக்கொண்டார். தற்காப்பை மட்டும் மாற்றவில்லை. 1961 மறுபோட்டியில் தால் வேறு வழியில் போய்ப் பார்த்தார்: பல ஆட்டங்களில் நடுச் சிப்பாயை ‘இ5’க்கு முன்னேற்றி இடத்தை அடைத்தார். போட்வின்னிக் சிலவற்றில் ‘சி’ சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி மோதினார், சிலவற்றில் வழக்கம்போல மந்திரியை வெளியே கொண்டு வந்தார். பத்து ஆட்டங்களில் வென்று, ஐந்தில் தோற்று, 13-8 என்று முடித்தார். 49 வயதில் மூன்றாம் முறையாக உலக வெற்றியாளர்.

தாலுக்கு அப்போது சிறுநீரகக் கோளாறு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல உடல்நிலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி சதுரங்க ரசிகர்களிடம் இன்னும் இருக்கிறது. நோயாளியை வென்றார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த 21 ஆட்டங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கு, நோய் மட்டுமே காரணம் என்று சொல்ல மனம் வராது.

எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர் போட்வின்னிக். போட்டியாளர்களோடு நட்பாக இருந்தால் ஆட்டத்தில் இளகிவிடுவோம் என்று நினைத்தவர். பிரான்ஸ்டைன் போன்றவர்களோடு கசப்பு கடைசிவரை இருந்தது. சோவியத் அரசின் செல்லப்பிள்ளை என்ற பெயரும் அவருக்கு உண்டு. பொதுவுடைமைக் கொள்கையில் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனால் 1976இல் கோர்ச்னாய் நாட்டை விட்டு வெளியேறியபோது, அவரைக் கண்டித்து மற்ற ஆட்டக்காரர்கள் போட்ட கடிதத்தில் போட்வின்னிக் கையெழுத்திடவில்லை. வீட்டில் நிலைமை வேறு. மனைவி கயானே பாலே நடனக் கலைஞர். ஓல்கா என்று ஒரு மகள்.

1963இல் டிக்ரான் பெட்ரோசியான் என்ற ஆர்மேனியர் அவரை 12½க்கு 9½ என்று வென்றார். தற்காப்பில் போட்வின்னிக்கையே மிஞ்சியவர் பெட்ரோசியான். மறுபோட்டி விதி அதற்குள் நீக்கப்பட்டிருந்தது. பட்டத்தை மீண்டும் பெற வேண்டுமானால் தகுதிச் சுற்றுகளில் மற்றவர்களோடு சேர்ந்து முதலிலிருந்து ஆடி வர வேண்டும். அவர் அதற்குப் போகவில்லை. சில ஆண்டுகள் சாதாரணப் போட்டிகளில் ஆடி, 1970இல் நிறுத்திக்கொண்டார். அதன்பின் கணினிக்குச் சதுரங்கம் கற்றுத்தரும் ஆராய்ச்சி. ‘பயனியர்’ என்ற அந்தத் திட்டம் அவர் நினைத்த அளவுக்கு ஒருநாளும் ஆடவில்லை. ஆனால் அதே முறை மின் நிலையங்களின் பராமரிப்பு வேலைகளைத் திட்டமிட உதவும் என்று அதையும் முயன்று பார்த்தார். பொறியியலாளர் கடைசிவரை பொறியியலாளர்தான்.

அவருடைய இன்னொரு வேலை, பிள்ளைகளுக்கான சதுரங்கப் பள்ளி. ஆண்டுக்குச் சில முறை மட்டும் கூடும். மற்ற நாள்களில் வீட்டுப் பாடம். பிள்ளைகள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே ஆராய்ந்து எழுதிக் கொண்டு வர வேண்டும், தோற்றவற்றையும் சேர்த்து. அந்தப் பள்ளியில் படித்த மூவர் பின்னர் உலக வெற்றியாளர்கள் ஆனார்கள்: கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக். சிறுவனாக இருந்த கார்ப்போவிடம் அவர் பெரிய எதிர்காலம் எதையும் காணவில்லையாம். நல்ல ஆசிரியருக்கும் கணிப்பு தவறும். அந்தக் கார்ப்போவ்தான் பிற்காலத்தில் காரோ-கானைத் தம் முக்கியமான ஆயுதமாக ஆக்கிக்கொண்டார்.

1995 மே 5ஆம் நாள் மாஸ்கோவில் போட்வின்னிக் காலமானார். வயது 83.

சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில், ஒரு சதுரங்கக் கழகம் இருந்தது. போட்வின்னிக்கிடம் பட்டத்தைப் பறித்து, மறு ஆண்டே அவரிடம் திருப்பிக் கொடுத்த தாலின் பெயர்தான் அதற்கு. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே ஆடித்தான் வளர்ந்தார். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் அவர் கிராம்னிக்கை 6½க்கு 4½ என்று வென்றார். 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையிலேயே நார்வேயின் மக்னஸ் கார்ல்சனுக்கு எதிராகப் பட்டத்தைக் காக்க உட்கார்ந்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்த் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியபோது, கார்ல்சன் ‘சி’ வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். மந்திரி ‘எஃப்5’க்கு வந்தது, குதிரை விரட்டியது, ஓரச் சிப்பாய் ‘எச்6’க்கு நகர்ந்தது. 18ஆம் நகர்வில் ராணிகள் வெளியேறின. 25ஆம் நகர்வில் இருவரும் கைகுலுக்கிச் சமநிலை என்று எழுந்தார்கள். அந்தப் போட்டியில் ஆனந்த் பின்னர் பட்டத்தை இழந்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் கருப்புக் காய்க்கு ஒரு கீறலும் விழவில்லை.